மாமனார் சிரித்த படம்

செயலாளர் அவர்களுக்கு,

கேமராப் பை தூக்குவதால் வரும் முதுகுவலி, இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் கேட்கும். நம் புகைப்படச் சங்கத்தில் இந்தத் தகவல் தேவைப்படாத ஆள் கிடையாது. என் பை பதினோரு கிலோ. தொழிலில் நான் காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. அந்தப் பையோடு நடக்கும்போது மட்டும் கலைஞன்.

என் பெரிய லென்ஸ் காட்டுப் பறவைகளுக்கானது. என் ஜன்னலுக்கு வருவது ஒரே ஒரு புறா. அது ரொம்பக் கிட்டத்தில் உட்காருவதால் லென்ஸுக்குப் பிடிபடாது. பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுதான் எடுக்க வேண்டும். "புறா கிளம்பினதும் சொல்லுங்க, அடுப்பைப் பத்த வைக்கணும்" என்பாள் மனைவி.

மாமனாரின் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் என் மைத்துனி. மருந்துக் கடையில் வேலை, கல்யாணமாகவில்லை. அப்பாவை ஒரு நல்ல படம் எடுத்துத் தரும்படி அவள்தான் கூப்பிட்டாள். இரண்டு விளக்கு, வெளிச்சத்தைப் பரப்பும் குடை, கேமரா முக்காலி சகிதம் போனேன். அறையில் கட்டில் போக மிச்சம் ஒரு கதவு அகலம். மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாய் வெளிச்சத்தில் பளபளத்தது; எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு நிமிடம் என்றேன். நாற்பது ஆனது.

அறுபத்தேழு படங்கள். காதுமயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். முகம் மட்டும், ஏதோ குற்றத்துக்காகப் பிடிபட்டவர் முகம். கடைசியில் முக்காலியின் காலில் சிக்கி, குடையோடு அழுக்குத்துணிக் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். "மாப்ளே, கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். பல மாதமாகச் சிரிக்காத மனிதர். மைத்துனி கையிலிருந்த செல்போனில் ஒரு தட்டு தட்டினாள்.

நல்ல படம். என்னால் எடுக்க முடியாதது என்று அப்போதே தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் படம் என்றால் எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அவளும், "அத்தான், இதைப் பத்திரமா எடுத்து வச்சுக் குடுங்க, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று போனை நீட்டினாள். பத்திரமாக என் கணினிக்கு மாற்றினேன். பிறகு போனில் அழித்தேன். அழித்தவை முப்பது நாள் தங்கியிருக்கும் பெட்டியிலும் அழித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல நான்.

ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். அவள் படத்தைக் கேட்டாள். நான் மாற்றப் பார்த்தபோதே போனில் படம் இல்லை, செல்போனை நம்பக் கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். தன் விரல்தான் தவறிப் பட்டிருக்கும் என்றாள். நான் மறுக்கவில்லை. என் அறுபத்தேழில் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருகிறாள்.

சிரிப்புப் படத்தை நம் கண்காட்சிப் போட்டிக்கு என் பெயரில் அனுப்பினேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இந்த ஆழம், அந்த லென்ஸ் இருந்தாத்தான் சார் வரும்" என்றார். அடக்கமாகத் தலையாட்டினேன். இறுதிச் சுற்றுக்கு மூலக் கோப்பைக் கேட்டபோதுதான் உறைத்தது. எந்தக் கருவியில் எடுத்தது என்பது கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். புதிய உறுப்பினர்களுக்குப் பதினைந்து வருடமாக இதைப் பாடம் நடத்தியவன் நான்தான்.

உங்களிடம் போனில் ஒப்புக்கொண்டேன். நீங்கள் திட்டவில்லை. "பரிசு கிடக்கட்டும் சார். அந்தப் பொண்ணுகிட்ட படத்தைக் குடுத்துடுங்க" என்றீர்கள்.

மூன்று நாள் யோசித்தேன். கொடுத்தால், இருக்கிற படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவாள். வருகிறவர்கள் எதில் எடுத்தது என்று கேட்பார்கள். அவள் அந்தக் கீறல் விழுந்த போனைத் தூக்கிக் காட்டுவாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே செவ்வாய்க்கிழமை கண்காட்சி அறையிலிருந்து பிரதியைக் கழற்றி வந்து கிழித்தேன். கணினியில் இருந்ததை இன்று காலை அழித்தேன். வேறு பிரதி எங்கும் இல்லை. மைத்துனிக்கு இது பெரிய இழப்பு என்று நீங்கள் வருந்த வேண்டாம். உண்மையைச் சொன்னால், ஓரங்களில் அந்தப் படம் கொஞ்சம் மங்கல்தான்.