கோட்டை மேட்டில் ஒரு நோட்டு

— இதுக்கா உங்கக்கா மாசாமாசம் மலையேறினா, கினுயே? கோட்டையாம் கோட்டை! நாலு கல்லு, ஒரு பைன் மரம்.

— எல்லாத்தையும் இடிச்சுப் போட்டு நானூறு வருஷமாச்சு அத்தான். முதல்ல உட்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க. அந்தக் கரடி விரட்டற மணியையும் கழட்டுங்க, காது வலிக்குது.

— இருக்கட்டும். மிட்சுயோ பையில கட்டியிருந்தது. நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சும் அதைக் கழட்ட எனக்குக் கை வரலை.

— சரி, இருக்கட்டும்.

— உனக்கென்ன, அவகூட எத்தனை தடவை வந்திருப்பே.

— நானா? இந்த முழங்காலை வச்சுக்கிட்டா? இன்னிக்குத்தான் முதல் தடவை.

— விளையாடாதே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு டப்பா சோறு கட்டுவா. ரெண்டும் காலியாத்தான் திரும்பும். இன்னொண்ணு உனக்குன்னுல்ல நினைச்சேன்!

— சத்தியமா நான் வரலை அத்தான்.

— அப்ப யாரோட வந்தா?

— சேச்சே, அக்காவைப் போயி...

— யாரோடன்னு கேட்டேன்!

— கத்தாதீங்க. அதோ, அந்தக் கொட்டகையில தகரப் பெட்டி இருக்கு. மலைக்கு வர்றவங்க பேரு எழுதற நோட்டு உள்ள இருக்கும். பாத்துடுவோம்.

— நீயே படி.

— ஏப்ரல் ஆறு. மிட்சுயோ, தோகுஜி. ரெண்டு பேர்.

— என் பேரா? நான் இங்க கால் வச்சதே இல்லையே!

— மே நாலு. மிட்சுயோ, தோகுஜி. ரெண்டு பேர். "அவருக்கு மூச்சு வாங்கிச்சு, மெதுவா ஏறினோம்." ஜூன்லயும் அப்படித்தான். "புளிச்ச பிளம் வச்ச சோத்து உருண்டை அவருக்குப் பிடிச்சுது."

— அடி பைத்தியக்காரி... என் பங்கையும் நீயே தின்னியா?

— அழுங்க அத்தான். எரிச்சு எலும்பைப் பொறுக்கினப்பக்கூட நீங்க அழலை.

— கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா, கினுயே. முதுகு வலிக்குது, டிவியில சூமோ மல்யுத்தம் இருக்குன்னு நான்தான் தட்டிக் கழிச்சேன். போயும் போயும் அவளைச் சந்தேகப்பட்டேனே. கடைசியா எப்ப வந்தா?

— போதும். இறங்கலாம் வாங்க.

— படிடீ.

— அக்டோபர் பன்னெண்டு. மிட்சுயோ. ஒரு ஆள்.

— அன்னிக்குக் காலையிலதான், "உன் கல்லுமேட்டுக்கு இனிமே என்னைக் கூப்பிடவே கூப்பிடாதே"ன்னு அவகிட்ட கத்தினேன்.