மேடையில் ஏறிய அடுப்படி

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் கரி பஸ் பாதி வழியில் நின்றுவிட, டிரைவர் இறங்கிப் பின்னால் இருந்த உலையைக் கிளறிக்கொண்டிருந்தார். என் முன் இருக்கையில் இருந்தவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு காப்பி கிளப்பில் சமையல்காரர். பக்கத்து இளைஞரிடம் திடீரென்று பொரிந்தார்.

“அடுப்படியில சிரிக்கதுக்கு என்னலே இருக்கு?”

“எந்த அடுப்படி, அண்ணாச்சி?”

“கொட்டகையில போட்டானுவள்லா, ஓட்டல் அடுப்படின்னு ஒரு சிரிப்பு நாடகம்! அதுல சமையக்காரன் கரண்டிய வாயில வச்சு சாம்பார ருசி பாக்கான். அதே கரண்டிய திரும்பவும் சட்டிக்குள்ள விடுதான். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கு!”

“அது ஒரு வாரங்கூட ஓடலியே, அண்ணாச்சி.”

“நாடகம் போயிட்டு. பாத்தவன் மறந்தானா? சாப்பிட உக்காரதுக்கு முன்னால ஒவ்வொருத்தனும் அடுப்படிய எட்டிப் பாக்கான்! எத்தன வருசமா ஆக்கிப் போடுதேன், என்னையவே சந்தேகப்படுதான்!”

“நீங்க கையில ஊத்தி ருசி பாத்தா யாரு என்ன சொல்லப் போறா?”

“இப்ப அப்படித்தாம்ல பாக்கேன்” என்று அவர் வலது கையை விரித்து நீட்டினார். “பாரு, உள்ளங்கை பூரா கொப்புளம்!”