வச்சிரமாறனின் வலது காது

மத்தியானம் தயிர்சோறு சாப்பிட்டால்தான் எனக்கு வேலை ஓடும். அன்றைக்கும் தயிர்சோறும் மாங்காய் ஊறுகாயும்தான். இதை முதலில் சொல்லக் காரணம், நான் பசியிலோ கோபத்திலோ அதைச் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முத்துமீனா மேடம், நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் அச்சகத்தில் ஒன்பது வருஷமாக ‘வச்சிரமாறன்’ படக்கதை மாத இதழுக்குப் பலூன் போடுகிறவள் நான். நல்லகாமன் ஐயா படம் வரைந்து, ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் வெறும் பலூனை விட்டு அனுப்புவார். யார் என்ன பேசுகிறார்கள் என்பது தனித் தாளில் வரும். அதை அடித்துப் பலூனுக்குள் உட்கார வைப்பது என் வேலை. அதாவது, படத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறவர்களுக்கெல்லாம் பேச்சுக் கொடுப்பவள் தமிழ்வாணியாகிய நான்தான்.

மாறனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதில் கல்குவாரியில் மின்னல் பாய்ந்து உடம்பு வச்சிரமாகிப்போனவன். சுட்டால் குண்டு நசுங்கும். லாரி மோதினால் லாரியைத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்டவன் வலது காதில் ஒரு கடுக்கன் போட்டிருக்கிறான். இடது காதிலும் போட்டிருப்பான். ஐயாவுக்கு முகத்தின் இடது பக்கம் வரைய வராது என்பதால் நாம் பார்த்ததில்லை.

பிரச்சினை அந்தக் கடுக்கனில் ஆரம்பித்தது.

என் தம்பி காசிமாயன் விளாங்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பேயாண்டி அண்ணன் டீக்கடையில் மாறன் ரசிகர் மன்றம் கூடும். அண்ணன்தான் தலைவர். ஆனையூரில் இருந்து நானும் ஸ்கூட்டியில் போய்விடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டான்.

“தொளை போடுற டிரில் பிட்டு, வேலைப் பொருள விடக் கெட்டியா இருக்கணும்க்கா. லேத்துல இது அரிச்சுவடி. மாறன் தோல விடக் கெட்டியான ஊசி எங்கயும் கிடையாது. அப்ப எதை வச்சுக் காது குத்துனாக?”

“மின்னல் அடிச்சது ஏழு வயசுல. காது குத்துனது ஒரு வயசுல. அப்ப அவன் சாதாப் பிள்ளைடா.”

“மாப்ள, அந்த ஒம்பதாவது புத்தகத்த எடு,” என்று பக்கத்தில் இருந்தவனிடம் கை நீட்டினான். “இந்தா, அவங்க ஆத்தா என்ன சொல்லுது? ‘இவனப் பெத்தப்பவே மருத்துவச்சி கத்தி மடங்கிப்போச்சு.’ பொறவியிலயே பவரு. மின்னல் சும்மா சுவிட்சுதான்.”

“அப்படின்னா தொப்புள்கொடிய எப்படிப்பா அறுத்தாக? இன்னும் தொங்குதா?” என்றார் பேயாண்டி அண்ணன்.

அவர் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இத்தனை குண்டு பட்டும் மாறனின் வேட்டி மட்டும் ஏன் கிழியவில்லை என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தம்பியின் முடிவு இது: மாறனின் காதை மாறனின் நகத்தை வைத்தே குத்தியிருப்பார்கள். நகத்தை வெட்டியது யார் என்று கேட்டேன். அவனே கடித்துத் துப்பியிருப்பான் என்றான். ஒரு வயதுப் பிள்ளைக்கு எத்தனை பல் இருக்கும் என்று கேட்டேன்.

“வச்சிரப் பல்லு. ஒண்ணு போதும்க்கா.”

என் முடிவு வேறு. காது குத்தியது முதலில், மின்னல் பிறகு. வெளித்தோல் எல்லாம் வச்சிரமானபோது, அந்தத் துளையின் உட்சுவர் மட்டும் பழைய சதையாகவே நின்றுவிட்டது. ஒரு சின்ன ஊசி அதற்குள் போனால் மாறன் கதை முடிந்தது. நான் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

“ஓட்டைக்குள்ள ஏதுக்கா தோலு?” என்றான். “ஓட்டைங்கிறது ஒண்ணும் இல்லாத எடம். ஒண்ணும் இல்லாத எடத்துல எப்படிக் காயம் படும்?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பேயாண்டி அண்ணன்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். “எங்கக்கா பலூனுக்குள்ள எழுத்து அடிக்கிறவுக. அவுகளுக்குப் பவரு பத்தி என்ன தெரியும்? அச்சுல வரட்டும், நான் ஒத்துக்கிறேன்” என்றான் தம்பி.

அச்சில் வந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்று விதி போட்டது அவன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டியை இரண்டு தடவை நிறுத்தி நின்றேன். அது வெயிலுக்காக.

அந்த வாரம் நல்லகாமன் ஐயாவுக்குக் கண் புரை ஆபரேஷன். வழக்கமாகப் பிழை பார்க்கிறவர் அவர்தான். நீங்கள் தேனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். என் மேஜையில் கடைசி இரண்டு பக்கங்கள் இருந்தன.

முதல் பக்கத்தில், தோற்றுப்போன வில்லன் மாறனின் வலது காதில் ஏதோ சொல்கிறான். ஐயாவின் தாளில் இருந்த வசனம்: “மன்னிச்சுரு மாறா, நான் திருந்திட்டேன்.” வில்லனின் விரல்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு இருந்தது. அது நகமா, வெளிச்சமா, ஐயாவின் பேனா வழுக்கியதா, எனக்குத் தெரியாது. நான் அதை ஊசி என்று எடுத்துக்கொண்டேன். “உன் காதுத்துளைக்கு உள்ளே வச்சிரம் இல்லை மாறா” என்று அடித்தேன். பலூனுக்குள் அழகாக அமைந்தது.

கடைசிப் பக்கத்தில் மாறன் தாயின் மடியில் கண்மூடிப் படுத்திருக்கிறான். மூன்று நாள் சண்டை போட்ட களைப்பு. “தூங்குய்யா, மூணு நாளாக் கண்ணு மூடல நீ” என்பது தாயின் வசனம். அதை எடுத்துவிட்டு, “ஒரு தடவ கண்ணத் தொறய்யா” என்று வைத்தேன். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்களில் ஒருவர், “சத்தம் போடாதீக, பிள்ள தூங்குது” என்பார். அதை நான் மாற்றவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை.

பிறகு மூலைப் பெட்டியில் இருந்த ‘தொடரும்’ என்ற சொல்லை அழித்து, ‘முற்றும்’ என்று போட்டேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அன்றைய மற்ற வேலை எதுவும் தள்ளிப்போகவில்லை.

ஐந்தாம் தேதி புத்தகம் கடைக்குப் போனது. தம்பி போன் செய்து, “நீ சொன்னதுதான்க்கா சரி” என்பான் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். போன் வரவில்லை. மறுநாள் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி, மேலே மாலை போட்ட மாறன், கீழே மன்றத்து ஆட்கள் பதினைந்து பேரும் கைகூப்பி. அதற்கு அடுத்த நாள் வைகைக் கரைக்குப் போய்ப் பதினான்கு பேர் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பேயாண்டி அண்ணன் மட்டும் போடவில்லை. அவர் தலையில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத சிக்கல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் மகன் முத்துக்குமரனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. பிள்ளைக்கு ஒரே தாய்மாமன் காசிமாயன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அழைப்புப் பத்திரிகையில் அவன் பேரைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். போன் செய்தேன்.

“எப்படிக்கா வர முடியும்? துக்கத்துல இருக்கேன். தீட்டோட பிள்ளைய மடியில வைக்கச் சொல்றியா?”

“மாறன் உனக்கு என்னடா உறவு?”

“அவனுக்குப் பிள்ளை குட்டி இல்ல. யாராச்சும் மொட்டை போடணும்ல, போட்டாச்சு. போட்டா பங்காளிதான். ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதுலயும் கை வைக்க மாட்டேன்.”

“சரிடா. ஊசி காதுக்குள்ள போய்த்தான செத்தான்? அச்சுல வந்துருச்சுல்ல?”

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். “ஊசியில வெஷம் இருந்துருக்குக்கா” என்றான்.

மேடம், நீங்கள் படித்தவர். நியாயத்தைச் சொல்லுங்கள். கதையில் எங்கேயாவது விஷம் என்று ஒரு வார்த்தை இருந்ததா? இல்லாததைச் சேர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் இரண்டாம் தவணையாகக் கடைகளுக்கு அனுப்பிய புத்தகங்களில் அந்த இணைப்புத் தாளை வைத்தேன். ‘பிரேதப் பரிசோதனை அறிக்கை: விஷம் ஏதும் காணப்படவில்லை. காதுத்துளையின் உட்சுவரே மரணத்துக்குக் காரணம். ஒப்பம், டாக்டர் சோலை.’ சோலை என்று யாரும் இல்லை. டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்று இடது கையால் போட்டேன். அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தீர்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கிடையே நல்லகாமன் ஐயா கறுப்புக் கண்ணாடியோடு அச்சகத்துக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். “நானா இப்படி எழுதுனேன்? ஆபரேஷன் பயத்துல பிள்ளையக் கொன்னுட்டேன் போலயே” என்று அழுதார். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நான்தான் என் கைக்குட்டையால் கன்னத்தில் துடைத்துவிட்டேன். “நல்லாத்தான்யா எழுதியிருக்கீங்க” என்று ஆறுதலும் சொன்னேன். அவர் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை.

புதன்கிழமை பட்டறைக்குப் போனேன். தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். மாறன் சாகவில்லை, தூங்குகிறான், தீட்டும் இல்லை ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை வந்து மடியில் வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டு வரி. மொட்டைத் தலையில் இரும்புத்தூள் மின்ன, அவன் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பித்தளை டப்பாவை நீட்டினான். அவனே கடைந்தது. மூடி திருகித் திறக்கிற மாதிரி. உள்ளே இரண்டு தங்கக் கடுக்கன்.

“பேயாண்டி அண்ணன் மடியில வச்சுக் குத்திருங்கக்கா. அவரு மொட்டை போடல, தீட்டு இல்ல. நான் தூரமா நின்னு பாத்துக்கிறேன்.”

சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஆனா ஒண்ணுக்கா,” என்றான். “வெஷம் இல்லன்னே வச்சுக்குவம். அப்பவும் ஓட்டைங்கிறது ஒண்ணும் இல்லாத எடம்தான்.”

நான் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அழகர்கோவிலில் பேயாண்டி அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் உட்காராமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. வண்டி நிறுத்துகிற இடத்தில், சீராகக் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்போடு தம்பி தனியாக நின்றிருந்தான். ஒரு குரங்கு வந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவன் தடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் குரங்கோடு மல்லுக்கட்டக் கூடாது என்று நினைத்திருப்பான்.

ஆசாரி வலது காதில் ஊசியை விட்டார். பிள்ளை வீறிட்டது. அங்கே தம்பி தன் காதைப் பொத்திக்கொண்டு தேம்பினான். ஒரு தாய் அந்த நேரத்தில் பிள்ளையைத்தான் பார்ப்பாள். நானும் பார்த்தேன். துளையில் ஒரு பொட்டு ரத்தம். உடனே திரும்பி, அத்தனை கூட்டத்துக்கும் மேலே தம்பிக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: “பாத்தியாடா? தொளைக்குள்ளதான்டா வலிக்குது.”

பிள்ளை அழுதுகொண்டே தூரத்து மொட்டைத் தலையைப் பார்த்துக் கையை நீட்டியது. என் மாமியார் சோணையம்மாள் ஆசாரியின் கையைப் பிடித்துவிட்டார். “போதும். மாமன் மடி இல்லாம அடுத்த காதுல ஊசி படக் கூடாது. அக்காளும் தம்பியும் என்ன கண்றாவியோ பண்ணிக்கங்க, என் பேரன விட்டுருங்க.” அதனால் முத்துக்குமரன் இப்போது ஒற்றைக் கடுக்கனோடு தவழ்கிறான். இன்னொன்று பித்தளை டப்பாவில் இருக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் அந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்க்கிறான். உள்ளே சத்தம் கேட்டால் சிரிக்கிறான். அது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் தாங்கவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வச்சிரமாறனைக் கொன்றது நான். ஐயாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று அவரிடம் நானே போய்ச் சொல்கிறேன். அடுத்த இதழில் மாறன் எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான். அவன் எழுந்தால் தம்பியின் தீட்டுக் கழியும். தம்பி வந்து உட்கார்ந்தால் பிள்ளையின் இடது காதும் முடியும். வேலையை விட்டு என்னை நிறுத்துவதாக இருந்தால், அந்த ஒரு இதழுக்கு மட்டும் பலூன் போட விட்டுவிட்டு நிறுத்துங்கள். ‘முற்றும்’ என்பதற்கு நானே வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்ற பேச்சே இனி எனக்கு வேண்டாம். தம்பி ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

தாயின் மடியில் மாறன் கண்ணைத் திறக்கிற படத்தில் ஐயா ஒரு சின்னப் பலூனுக்கு மட்டும் தாளில் வசனம் எழுதாமல் விட்டிருக்கிறார். அதில் “காது வலிக்குதும்மா” என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன்.