புது சர்வருக்குப் பூஜை

போவாதுண்ணே, எத்தினி வாட்டி போட்டாலும் போவாது. சர்வர் ரூமுக்குள்ள நுழையறப்பவே செக்யூரிட்டி ஃபோன வாங்கி வச்சிப்பான். உங்க பொண்ணு ரஞ்சனி ஃபோனும் ஆஃப்தான், என் புள்ள எழிலரசன் ஃபோனும் ஆஃப்தான். ஒரே டீம்ல வேல செய்யிதுங்க, வேற எப்டி இருக்கும்? இதுக்குப் போயி மண்ணூர்லேர்ந்து இந்த வேகாத வெயில்ல வண்டிய எடுத்துகினு வடக்குப்பட்டுக்கு ஓடியாரணுமா கண்ணப்பண்ணே? ஒக்காருங்க. மோர் குடிங்க.

அப்டி இன்னா வேலயா? நல்லா கேட்டீங்க போங்க, பொண்ணப் பெத்தவரு! கம்பெனில காரு பார்ட்ஸு ஒண்ணொண்ணையும் கேமரா ஃபோட்டோ புடிக்கிது. அத்தினியும் பழைய கட்டடத்துல ஒரு கூட்டம் சர்வர்ல பிரிச்சிப் பிரிச்சி வச்சிகிறாங்க. அதுங்களுக்கு வயசாயிட்ச்சி. ஒரகடம் பக்கம் புதுக் கட்டடத்துல புதுக் கூட்டம் எறக்கிட்டாங்க. இங்க கீறத அங்க கொண்டு போவணும், ஆனா பார்ட்ஸு செய்யற லைன் நிக்கக் கூடாது. நின்னா மேனேஜரு தையத்தக்கான்னு குதிப்பாரு.

அதுக்குத்தான் மிரரிங். மொதல்ல பழசு மொத்தத்துக்கும் அங்க ஒரு காப்பி. அப்பறம் இங்க எது புதுசா எழுதினாலும் பின்னாடியே அங்கயும் எழுதிக்கும். நான் வாசல்ல கோலம் போடப் போட எதிர்வூட்டு மஹாலட்சுமி பாத்துகினே போடுவா, அந்த மாதிரி. லைன்ல கீறவனுக்கு ஒண்ணியும் தெரியாது. எல்லாம் போய்ச் சேந்துட்ச்சின்னா, ஒரு நிமிசம் எழுத்த நிறுத்தி, பழசுகிட்ட இனிமே நீ பெரியவன் இல்லன்னு சொல்லிட்டு புதுசுகிட்ட இனிமே நீதான்னு சொல்லணும். அதான் கட்ஓவர். முந்திரிக்கொட்ட மாதிரி பழச எறக்காமலே புதுச ஏத்திட்டா தொலஞ்சிது, ரெண்டும் நான்தான் பெரியவன்னு ஆளுக்கொண்ணு எழுதிகினு நிக்கும். அப்பறம் ஒரு பக்கம் எழுதினத தூக்கிப் போட்டாத்தான் ஆவும்.

எனக்கு எப்டித் தெரியுமா? சோத்துல கைய வச்சிகினு தெனம் இதையேதான ஓதறான்.

இன்னாது, பட்டுப்பொடவையா? பீரோல காணோமா? அட, புது சர்வருக்குப் பூஜ போட மாட்டாங்களா! சர்வர் அடுக்கற ரேக்குக்கு சந்தனம் குங்குமம் வச்சி, அதோட சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழத்த நசுக்குவாங்க. எழிலு கூட வேட்டி கட்டிகினுதான் போனான். ஆமாண்ணே, வேட்டிதான். இன்னா அப்டிப் பாக்கறீங்க? இன்னும் ஒரு டம்ளர் ஊத்தட்டா?

தெரியும், சாயங்காலம் மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. ரஞ்சனி மாட்டேன்னு உங்க கால்ல வுழுந்து அழுததும் தெரியும். நாளையிலேர்ந்து வேலைக்கே போவாதன்னு சொல்லிட்டீங்களாமே. நல்லா இருக்குண்ணே உங்க நாயம்.

இருங்க, மெசேஜ் வந்துகீது. ம்... முடிஞ்சிட்ச்சாம்.

கட்ஓவரா? அது போன வாரமே முடிஞ்சிட்ச்சி. பூஜையும் அப்பவே போட்டுட்டாங்க. இது வல்லக்கோட்ட முருகன் கோயில்ல. எழிலு ரஞ்சனி கழுத்துல தாலி கட்டிட்டான்.

கத்துங்க, நல்லா கத்துங்க. நாயந்தான். நானா? நான் எப்டிண்ணே போவ முடியும்? மொதல்ல இங்கதான் வருவீங்கன்னு தெரியும். வூடு பூட்டிக் கெடந்தா நாலு பேர இட்டுகினு நேரா கோயிலுக்குத்தான் போயிருப்பீங்க. யாராவது ஒருத்தர் ஒக்காந்து உங்ககிட்ட பேசிகினு இருக்கணும்ல? நானே இருக்கேன், நீங்க போங்கடான்னு அனுப்பிட்டேன். ஒத்தப் புள்ளண்ணே எனக்கு. அவன் தாலி கட்டறத பாக்கணும்னு ஆச இருக்காதா? உங்ககிட்ட சர்வர் கத சொல்லிகினு இருந்தேன், அங்க மேளம் கொட்டிட்டாங்க.

கண்ண தொடச்சிக்கோங்க. பந்தி இன்னும் போடலியாம். அப்பா வராம எலையில ஒக்கார மாட்டேன்னு உங்க பொண்ணு படியிலயே ஒக்காந்துகீதாம். வண்டி சாவிய குடுங்க, நான் ஓட்டறேன். ஏறுங்க சம்பந்தி.