துபாஷி இல்லாத அறை

நான் தூக்கத்தில் பேசுவேன். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி கண்டுபிடித்த குறை அது. "பகல்ல வாயைத் திறக்க மாட்டீங்க, ராத்திரி ஆனா கச்சேரி வெக்கிறீங்க" என்று கேலி செய்வாள். இன்ஸ்பெக்டர், உங்கள் விசாரணையை அங்கிருந்து தொடங்குவதுதான் வசதி.

வெள்ளைக்காரர்கள் என்னை நீதிபதியாக்கினார்கள். நம் ஆட்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். கோர்ட்டில் ஒரு விதி உண்டு. சாட்சி நம் பாஷையில் பேசுவார். துபாஷி அதை வெள்ளைக்காரர் பாஷையில் சொல்வார். துபாஷி சொன்னது மட்டுமே சாட்சியம். சாட்சி சொன்னது என் காதில் விழுந்தாலும் விழாத மாதிரிதான். நாற்காலியில் ஏறிவிட்டால் எனக்குத் தாய்மொழி தெரியாது. "சொந்த ஜனம் என்ற சலுகையே உங்களிடம் இல்லை" என்று தலைமை நீதிபதி பாராட்டினார்.

எங்கள் துபாஷி நல்ல மனிதர். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் மட்டும் அவர் வாயில் சாட்சிகள் சுருங்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு மத்தியானம். கொலைக் கேஸ். கூண்டில் நின்றவன் வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு தச்சன். அவனுடைய தாய் சாட்சி சொன்னாள். "சம்பவம் நடந்தப்ப எம்மவன் காய்ச்சல்ல கெடந்தான். ஆஸ்பத்திரி டாக்டரு வந்து பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

மகனுக்குக் காய்ச்சல் என்கிறாள் என்றார் துபாஷி. அவ்வளவுதான். டாக்டர் விடுபட்டுப் போனார்.

அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். துபாஷியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் புரியுதே, ஐயா."

நான் இடதுபக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று துபாஷியைக் கேட்டேன். கருணை கேட்கிறாள் என்றார்.

தச்சனைத் தூக்கில் போட்டார்கள். அடுத்த வருஷம் எனக்கு மேல்கோர்ட்டில் இடம் கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டிலும் அது ஆரம்பித்தது. மனைவி "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றால் என் தலை தானாக இடதுபக்கம் திரும்பும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். "சம்பளத்துக்கு ஒரு துபாஷியை வெச்சாத்தான் உங்களோட குடும்பம் நடத்த முடியும் போல" என்பாள். சில நாள் அந்த இடத்தில் தச்சனின் தாய் நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வரும் திங்கட்கிழமை கோர்ட் ஹாலில் என் படத்தைத் திறக்கிறார்கள். நேற்று மத்தியானம் அந்த விழாவுக்கு என் கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

"தூக்கத்துல என்ன பேசுறீங்கன்னு நான் சொன்னதே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு ஒரு பொம்பளை குரல்ல கெஞ்சுறீங்க. பழைய துபாஷியை விசாரிச்சு அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். உயிரோடதான் இருக்காங்க. திங்கட்கிழமை கூட்டிட்டு வர்றேன். படத்தைத் திறக்குறதுக்கு முன்னாடி அவங்க பேசட்டும்."

நான் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னேன். அவள் குரலை உயர்த்தினாள். அவளுக்கு இதயம் பலவீனம், ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதிப் பேச்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஏதோ சொன்னாள். நான் இடதுபக்கம் திரும்பினேன். துபாஷி இல்லை. காத்திருந்தேன். பழக்க தோஷம், வேறொன்றுமில்லை. சொன்னது புரியாதவனை எந்தச் சட்டமும் குற்றவாளி என்று சொல்லாது.

காரோட்டி உங்களிடம் சொன்னதும் உண்மைதான். சத்தம் கேட்டுக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். "அம்மா ஏதோ சொல்றாங்களே, என்னங்கய்யா? வண்டியை எடுக்கட்டுமா?"

டாக்டரைக் கூப்பிடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க என்று அவள் முனகிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே போய் அவருக்கு மொழிபெயர்த்தேன்.

"தூங்கப் போறாளாம். யாரும் தொந்தரவு பண்ண வேண்டாமாம்."