ஒயரைப் புடுங்கி வாங்கிய லேப்டாப்

“கேம் ஓடுதான்னு பாத்துத்தேன் வாங்குனேன்” என்று ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் ஓர் அம்மா சொன்னதும் ஜீப்பில் இருந்தவர்கள் திரும்பினார்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். புது லேப்டாப் பெட்டி அவர் மடியில் இருந்தது. பக்கத்தில், கல்லூரியில் சேரப்போகும் மகள்.

“படிக்கத்தானக்கா லேப்டாப்பு? கேம் என்னத்துக்கு?” என்றார் எதிரில் இருந்த தோட்டத்துத் தோழி.

“படிச்ச நேரம் போக புள்ள கொஞ்சம் வெளையாட வேணாமா? கடைக்காரரு கீபோர்டுல கலர் லைட்டு எரியிறதக் காட்டி, இதுதேன் ஒசத்தின்னாரு. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல கரண்டு எங்க நிக்குது? சார்ஜர் ஒயரப் புடுங்கிட்டு ஓட்டிக் காட்டுங்கன்னேன்.”

“கார் ரேஸ் போட்டாரு,” என்றாள் மகள். “ஒயரப் புடுங்குனதும் காரு திக்கித் திக்கிப் போகுது.”

“பொறகு?”

“மூலையில லைட்டு இல்லாம ஒண்ணு இருந்துச்சு. அதையும் அப்படியே ஓட்டச் சொல்லுச்சு அம்மா. எனக்கு அழுகையா வந்துச்சு, லைட்டு வச்சதத்தேன் ஆசப்பட்டேன். ஆனா இதுல அரை மணி நேரம் நானே ஓட்டுனேன், காரு ஒரு எடத்துல திக்கல. பாடத்துக்கு வேண்டியதும் வெரசா தொறக்குது. இனி வேற எது குடுத்தாலும் வேணாம்.”

“கடைக்காரரு என்ன சொன்னாரு?”

அம்மா பெட்டியை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவரு என்னத்தச் சொல்ல? நாங்க வெளிய வரயில, பின்னால லேப்டாப்பு வாங்க நின்ன அம்புட்டுப் பேரும் ‘அண்ணே, ஒயரப் புடுங்குங்க’ங்கிறாக!”