ஊரைப் பார்க்கும் ராயப்பர்

கோபுரம் சாய்ந்துவிட்டது. கடல் பக்கமாய். அதுதான் நடந்தது.

ரொம்ப ரொம்ப முன்னால், சங்குமுனை என்கிற கடற்கரை ஊரில். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மாதா கோவிலைக் கட்டியவர் பூதலிங்க ஆசாரி. கட்டுவதும் அவரே, செதுக்குவதும் அவரே. ஊர் ஊராய்ப் போய் மண்டபம் எழுப்பியவர், தூண் தூணாய் யாளி செதுக்கியவர். தலை நரைத்த பிறகுதான் இந்த ஊர் கூப்பிட்டது. வந்தார். "இது என் கடைசிக் கோபுரம். இது நின்றால் நான் நின்றேன்" என்றாராம்.

ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு புனிதர் சிலை கேட்டார்கள். செதுக்கினார். கடலில் கிடக்கிறவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அத்தனை சிலையையும் கோபுரத்தின் கடல் பக்கமே ஏற்றினார். அழகுதான். கீழே மணல். அவருக்குள் இருந்த சிற்பி ஜெயித்தான், கொத்தன் தோற்றான்.

கோபுரம் நேராய் நிற்கிறதா என்று தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்துப்போச்சு. "பாதிச் சிலைகளை இறக்கி ஊர்ப் பக்கம் ஏற்றணும். பாரம் சமமானால் நிற்கும். இல்லையென்றால் அடுத்த மழைக்கு விழும்."

விடுவார்களா? துடுப்போடு வந்து நின்றார்கள். முன்னால் தொம்மை, வள்ளக்காரன்.

"ஓய் ஆசாரி! எங்க சாமிக்குக் கடல்லதான் வேலை. ஊர்ப் பக்கம் என்ன, கோழி மேய்க்கவா?"

"விழுந்தா உன் தலையிலதாம்வே விழும்!"

"விழட்டும். தொட்டீரு, கை இருக்காது."

கோபுரம் இன்னும் சாய்ந்தது. ஆசாரி அதன் அடியிலேயே போய் உட்கார்ந்தாராம். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. சோறு இல்லை, தண்ணீர் இல்லை.

அப்போது ஒருத்தி வந்தாள். போன ஆடியில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அவள் வீட்டுக்கென்று செதுக்கிய சிலை ராயப்பர், வலை வீசிப் பிழைத்த புனிதர்.

"எங்க ராயப்பர் கடலையே பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. எம் மனுஷன் வரல. இனி எம் பிள்ளைகளப் பாக்கட்டும். திருப்பும், ஆசாரியாரே."

அப்புறம் கூட்டத்துக்குள்ளிருந்து தொம்மை பெண்டாட்டி கத்தினாளாம்: "நம்ம வீட்டுலயும் பிள்ள கிடக்கு. துடுப்பக் கீழ போடும்!"

போட்டான். சிலையை இறக்க முதல் வடம் பிடித்தவனும் அவன்தான் என்பார்கள்.

பாதிச் சிலைகள் ஊரைப் பார்த்தன. கோபுரம் நின்றது. கொஞ்சம் சாய்வு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். விழாது.

அன்றிலிருந்து சங்குமுனையில் பிள்ளை பிறந்தால், முதலில் ஊர்ப் பக்கத்து ராயப்பருக்குத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர் காலடியில் ஆசாரி ஒரு பேர் வெட்டி வைத்தார். தன் பேரை இல்லை, 'திருப்பும்' என்று கேட்டவள் பேரை.

மதலேனாள்.